ராஜகிரியில் ஒரு விசாரிப்பு

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகலாமா என்று அந்தப் பையன் போன் செய்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெண் பார்த்துவிட்டுப் போன பையன் மறுபடியும் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பான். அது நியாயம். இவன் பெண்ணின் தாய்மாமனை, அறுபதைத் தொடப்போகும் என்னை, ராஜகிரி மலைக்குக் கூப்பிடுகிறான்.

"நீங்க மட்டும் வாங்க ஐயா. வீட்ல யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்று வேறு சொன்னான்.

சொல்ல வேண்டாமாம். சொல்லக் கூடாத பேச்சு நல்ல பேச்சாக இருந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகாவிட்டால் அவன் மனசில் இருப்பது எப்படித் தெரியும்?

நான் விநாயகம். சிங்கவரத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிறவன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். என் தங்கை லட்சுமியம்மாள் அடுத்த தெருவில் இருக்கிறாள். மச்சான் செல்லப்பன் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் மகள் ஷோபனா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை நான்தான். ஷோபனா படித்து, செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கும் போகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை தேடுவதும், வருகிற மாப்பிள்ளையை விசாரிப்பதும் என் வேலை. தாய்மாமன் சரி என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் தாம்பூலம் மாறாது.

விசாரிப்பது லேசான காரியம் இல்லை. நேரே போய் 'பையன் எப்படி' என்று கேட்டால் எல்லோரும் தங்கம் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பையன் எழிலன், அவலூர்பேட்டைக்காரன், சோலார் மோட்டார் பொருத்தும் கம்பெனியில் சூப்பர்வைசர். செஞ்சியிலேயே விளைபொருளை ஏலம் விடும் மார்க்கெட் கமிட்டி இருக்கும்போது நான் மல்லாட்டை மூட்டையை டெம்போவில் ஏற்றி அவலூர்பேட்டை மண்டிக்குக் கொண்டுபோனேன். மண்டியில் விலை பேசுகிற சாக்கில் பேச்சைக் கொடுத்தேன். டீக்கடையில் உட்கார்ந்தேன். சலூனில் தேவையே இல்லாமல் முகச்சவரம் செய்துகொண்டேன். அவனைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் ஒருத்தனாவது குறை சொன்னால்தான் அவன் மனுஷன். எல்லோரும் சேர்ந்து நல்லவன் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்தது. இரண்டையும் நான் வேண்டாம் என்றேன். காரணம் இருந்தது. ஆனால் வேண்டாம் என்கிறபோது காரணத்தைச் சொல்லக் கூடாது, அது வழக்கம். ஒருத்தன் பிள்ளையின் குறையை அவன் முகத்துக்கு நேரே சொல்வதா? ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஷோபனாவிடமும் லட்சுமியிடமும்கூட நான் அதையேதான் சொன்னேன். பெண்பிள்ளைகளிடம் கண்டதைச் சொல்லி எதற்கு அவர்கள் மனசைக் கெடுப்பது?

எழிலன் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் ஷோபனா எனக்கு டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, எனக்கு இவர புடிச்சிருக்குது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் முப்பது ஆவப்போவுது. இந்த ஒண்ணயாவது..."

மிச்சத்தைச் சொல்லவில்லை. என்ன 'இந்த ஒண்ணயாவது'? நான் என்ன வேண்டுமென்றா செய்கிறேன்? கோபம் வந்தது. ஆனால் அவள் குரலில் இருந்த பயம் எனக்கு அன்று ராத்திரி சாப்பாட்டை இறங்கவிடவில்லை. அதனால்தான் இந்தப் பையனை இன்னும் இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் எனக்கு முன்பே டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். புது ஷூ. முதுகில் கனமான ஒரு பை. மலை ஏறுகிறவன் இவ்வளவு பெரிய பையை எதற்குச் சுமக்க வேண்டும்?

"கோட்டைக்கு முன்னாடி வந்திருக்கியாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. இதான் பர்ஸ்ட் டைம். பஸ்ல போறப்ப பாக்கறதோட சரி."

கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் காட்டினேன். யானைக்குளத்தைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் பார்வை கட்டடத்தின் மேல் இல்லை, என் மேல்தான் இருந்தது. நான் திரும்பும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தான். பிறகு ராஜகிரிப் படியில் ஏறத் தொடங்கினோம்.

கொஞ்சம் ஏறியதும் நின்றான். தண்ணீர் குடித்தான். இன்னும் கொஞ்சம் ஏறியதும் மறுபடி நின்றான். இப்படியே ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றால், இந்த வயதில் நெஞ்சில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்? எனக்கு மூச்சு வாங்கியது, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு வயதாகிறது. இவனுக்கு என்ன கேடு?

கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்குக் கீழே வழி பிரிகிற மாதிரி தெரியும் ஓர் இடம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அங்கே தயங்குவார்கள். நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு பின்தங்கினேன். அவன் தயங்கவே இல்லை. சரியான பக்கம் திரும்பி, "இங்க குரங்கு ஜாஸ்தி, பாத்து வாங்க" என்றான்.

முதல் தடவை வருகிறவனுக்குக் குரங்கு எங்கே ஜாஸ்தி என்று எப்படித் தெரியும்? பொய் சொல்லியிருக்கிறான். முன்பு வந்திருக்கிறான். யாரோடு வந்தான்? இந்த மலைக்கு ஜோடி ஜோடியாக யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

அவன் என்னைப் பேச்சுக்கு இழுத்தான். மழையைப் பற்றிக் கேட்டான், மல்லாட்டை விளைச்சலைப் பற்றிக் கேட்டான். கடைசியில் என் மகனிடம் வந்தான்.

"உங்க பையன் ரங்கநாதன் ஓசூர்லதான வேல செய்றாரு?"

"ஆமா. ஒரு பேக்டரில."

"அவருக்கு எப்ப கல்யாணம்?"

"இப்ப வேணாம்றான். இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாதான்" என்றான்.

சும்மா யாராவது கேட்பார்களா? அதற்குள் அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் ஐயா" என்று பாறை மறைவுக்குப் போனான். நான் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டே பாறைக்கு இந்தப் பக்கமாக வந்தேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று வரும்போது தாய்மாமனுக்கு அது தப்பில்லை.

"இன்னும் கேக்கல" என்றான் அவன், அமுங்கின குரலில். "மேல போயிட்டுக் கேக்கறேன்... கோவம் வரும், தெரியும்... இல்ல, அவரு ஒத்துக்கலன்னா வேணாம்னு சொல்லிடலாம். நமக்கு இந்த இடமே வேணாம்."

விஷயம் பிடிபட்டுவிட்டது. வரதட்சணை கேட்கப்போகிறான். கார். இல்லாவிட்டால் சிங்கவரத்தில் லட்சுமி பேரில் இருக்கும் கொல்லை நிலம். பெண் வீட்டில் ஆம்பளை இல்லை, மாமனைத் தனியாக ஏற்றிக்கொண்டுபோய் மலை உச்சியில் வைத்துக் கேட்டால் மறுக்க மாட்டான் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவனாம் நல்லவன். அவலூர்பேட்டையே சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறது.

அப்படியே இறங்கிப் போயிருப்பேன். 'எனக்கு இவர புடிச்சிருக்குது' என்று சுவரைப் பார்த்துச் சொன்ன குரல்தான் என்னை மேலே ஏற்றியது. கேட்கட்டும். அவன் வாயாலேயே கேட்கட்டும். அப்போதுதான் ஷோபனாவிடம் ஜாதகம் என்று பூசி மெழுகாமல் சொல்ல முடியும்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் மேலே கோட்டை வாசல், குனிந்து பார்த்தால் கிடுகிடு பள்ளம். அடியில் இருக்கும் புதரின் மேல் வெயிலே படாது. பிளவின் குறுக்கே ஒரு பாலம். ராஜா காலத்தில் மரப்பாலமாக இருந்ததாம். எதிரி வந்தால் இழுத்துவிடுவார்களாம். அந்தப் பக்கம் நாலைந்து பேர் நின்றால் போதும், பெரிய படையே வந்தாலும் உள்ளே போக முடியாது. சின்ன வயதிலிருந்து எனக்கு மலையிலேயே பிடித்த இடம் அதுதான்.

பாலத்தின் நடுவில் நின்றான் எழிலன். பையை இறக்கிக் காலடியில் வைத்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் தனியா வரச் சொன்னேன்."

"கேளு. இன்னா வேணும்? காரா, நெலமா?"

அவன் முழித்தான். "கார் எதுக்குங்க? நான் கேக்கறது வேற. ஷோபனாவ உங்க பையனுக்குத்தான் கட்டணும்னு வச்சிருக்கீங்களா?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் கொதித்தது.

"யார்றா சொன்னது?"

"சிங்கவரத்துல எல்லாரும் சொல்றாங்க."

"நீ எப்படா சிங்கவரம் வந்த?"

"போன வாரம். சோலார் மோட்டார் போடணுமான்னு கேட்டுக்கினு கொல்ல கொல்லயா போனேன். உங்க பக்கத்துக் கொல்ல தாண்டவராயன் ஐயாகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். பொண்ணு தங்கம்னாரு, அம்மா சாதுன்னாரு. ஆனா மாமாக்காரரு எந்த எடத்தையும் முடிக்க வுடமாட்டாரு, பையனுக்கு மொறப்பொண்ணு வெளிய போயிடக் கூடாதுன்னு பாக்கறாருன்னு சொன்னாரு. டீக்கடையிலயும் அதயேதான் சொன்னாங்க."

தாண்டவராயன் எனக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. எவனோ சோலார்காரன் வந்துபோனான் என்று என்னிடமும் சொன்னான். மின்சாரத் திருட்டைப் பிடிக்க மாறுவேஷத்தில் வந்தவனாக இருக்கும் என்று நான் அவனை எச்சரித்தும் வைத்தேன். சந்தேகப்பட்டது சரி. ஆளைத்தான் தப்பாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"டேய், ரங்கனும் ஷோபனாவும் ஒரே தட்டுல தின்னு வளந்ததுங்க. அந்த நெனப்பு எனக்குக் கனவுல கூட வந்ததில்ல."

"அப்ப ரெண்டு எடத்த ஏன் தட்டிவுட்டீங்க?"

"ஜாதகம் பொருந்தல."

"ஐயா, ரெண்டாவதா வந்தாரே வேட்டவலம் பையன், அவங்க வீட்ல ஜாதகம் பாக்கறதே இல்லியாம். உங்களுக்கு ஜாதகமே குடுக்கலியாம். குடுக்காத ஜாதகம் எப்படிப் பொருந்தாம போவும்?"

கீழே எங்கேயோ ஒரு குரங்கு கத்தியது. இரண்டாவது இடத்துக்கு ஜாதகம் வரவில்லை என்பது எனக்கு நினைவே இல்லை. பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அந்த வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள்? தரகர் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்?

"அவன் ஒயின் ஷாப் பின்னால நின்னத என் கண்ணால பாத்தேன்" என்று கத்தினேன். "மொதல்ல வந்தவன மேல்மலையனூர்ல அமாவாச அன்னிக்குப் பாத்தேன். தலைவிரி கோலமா ஒரு பொண்ண இடுப்பச் சுத்திப் புடிச்சிக்கினு நிக்கறான், அத்தினி கூட்டத்துல. அவனுக்கு எம் பொண்ணக் குடுக்கணுமா?"

எழிலன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"அது அவரோட தங்கச்சிங்க" என்றான் மெதுவாக. "நான் அவரையும் போய்ப் பாத்தேன். அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, மாசா மாசம் அமாவாசைக்கு அங்காளம்மன்கிட்ட கூட்டிக்கினு போறாங்க. சாமி வந்துச்சின்னா தாங்கிப் புடிக்க ஆள் வேணும். இத அன்னிக்கே நீங்க கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரு."

"கேக்கக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது. அது மரியாத."

"நீங்க சொல்லாம வுட்டதால, ஊரே ஒரு காரணத்தக் கண்டுபுடிச்சிக்கிச்சி." பிறகு என்னை நேராகப் பார்த்தான். "எனக்கு இன்னா காரணம் வச்சிருக்கீங்க?"

நல்லா கேட்டான். நானும் விடவில்லை. முதல் தடவை என்று பொய் சொன்னதைச் சொன்னேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றதைச் சொன்னேன். பாறை மறைவில் பேசியதைச் சொன்னேன். பையில் என்ன என்று கேட்டேன்.

"காலேஜ்ல படிக்கறப்ப கூட்டாளிங்களோட வந்திருக்கேன். எல்லாம் தெரியும்னா சுத்திக்காட்ட நீங்க மேல வரமாட்டீங்களேன்னு அப்படிச் சொன்னேன். போன் பண்ணினது எங்கம்மா, கேட்டியா கேட்டியான்னு உசுர வாங்கறாங்க. நின்னது..." இழுத்தான். "உங்களுக்கு மூச்சு வாங்குச்சி. நில்லுங்கன்னு சொன்னா கோச்சிக்குவீங்க. அதான் நான் நின்னேன்."

பையைத் திறந்தான். மோர் பாட்டில், குளுக்கோஸ் பாக்கெட், எலுமிச்சம்பழச் சாதம். பெரியவர் மலை ஏறுகிறாரே என்று அவன் அம்மா கட்டிக்கொடுத்ததாம். மோரை நீட்டினான். நான் வாங்கவில்லை. வாங்கினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. அவனை அங்கேயே விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி விறுவிறுவென்று மேலே போனேன்.

உச்சியில் ரங்கநாதர் கோயில் நிழலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊர்ப் பக்கம் நன்றாகத் தெரியும். எனக்கு ஆத்திரமாக இருந்தது. சொந்த வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்தது யாருக்காக? மழையிலும் வெயிலிலும் மூட்டையோடு மண்டிக்கு மண்டி போனது யாருக்காக? அதைப் பார்த்துக்கொண்டே இருந்த தாண்டவராயன் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். சொன்னவன் என்னைக் கேட்டானா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

இதே பேச்சைத்தான் கொஞ்சம் முன்னால் பாலத்தில் அந்தப் பையன் சொன்னான் என்பது உறைத்தபோது, எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் இப்போது வேண்டாம் என்றால் ஊர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அதற்காகச் சரி என்று சொல்வதா? இல்லை. பையனிடம் ஒரு குறை கிடைக்குமா என்று கடைசியாக ஒரு தடவை மனசுக்குள் தேடிப் பார்த்தேன். எனக்காக நின்று நின்று ஏறியவன். அதைச் சொல்லிக்காட்டாதவன். என்னையே விசாரித்தவன், அதுவும் என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக. ஷோபனாவை நம்பிக் கொடுக்கலாம். போனை எடுத்தேன்.

"லட்சுமி, நான்தான். எழிலனப் பாத்துப் பேசிட்டேன். நல்ல பையன். நாள் பாக்கச் சொல்லிடலாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"லட்சுமி, கேக்குதா?"

"கேக்குதுண்ணா." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்ப... நம்ம ரங்கனுக்கு?"

"ரங்கனுக்கு இன்னா?"

"இல்லண்ணா. ரங்கனுக்குன்னு நீ மனசுல வச்சிருக்கன்னு... நானும் ஷோபனாவும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தோம். உன் வாயால எப்ப கேப்பியோன்னு பாத்துக்கினு இருந்தோம். நீ எங்களுக்குச் செஞ்சதுக்கு, நீ கேட்டா எப்படிண்ணா முடியாதுன்னு சொல்றது? அவளும் சரின்னு மனசத் தேத்திக்கினா. ரெண்டாவது எடமும் தட்டிப்போனப்ப ராத்திரியெல்லாம் அழுதுட்டு, காலையில சரிம்மான்னு சொன்னா."

ரங்கன் லீவில் வரும்போதெல்லாம் லட்சுமி அவனுக்குக் கறி சமைத்துப் போட்டு, சம்பளம் ஏறிச்சா, ரூம் எப்படி, தண்ணி வசதி இருக்குதா என்று விசாரிப்பாள். அத்தைக்குப் பாசம் என்று நினைத்திருந்தேன். என் தங்கை என் மகனை விசாரித்திருக்கிறாள். வேறு வழியில்லாமல் பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்தை விசாரித்திருக்கிறாள்.

ஊர் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

போனை யாரோ வாங்குகிற சத்தம் கேட்டது. ஷோபனா.

"மாமா, நெசமாவா?"

"நெசந்தாம்மா."

"நாளைக்கு ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிடமாட்டியே?"

கேலியாகக் கேட்கவில்லை. அதே பயந்த குரல். நான் தூக்கி வளர்த்த பெண், நான் சொல்கிற நல்ல சேதியை நம்ப முடியாமல் கேட்டாள்.

"மாட்டேம்மா" என்றேன். "ஜாதகம் பாக்கவே போறதில்ல. எனக்கு அவனப் புடிச்சிருக்குது. அதான் காரணம்."

அவள் அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாளா, இத்தனை நாள் அடக்கி வைத்தது வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

கீழே இறங்கி வந்தபோது எழிலன் பாலத்தின் இந்த முனைக்கு வந்து நின்றுகொண்டிருந்தான். சாதப் பொட்டலத்தைக் குரங்குகள் கொண்டுபோயிருந்தன. மோரை மட்டும் மார்போடு அணைத்துக் காப்பாற்றி வைத்திருந்தான். கையை நீட்டிக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"ஐயா, இன்னா முடிவு பண்ணீங்க?"

"உங்கம்மாவ நாள் பாக்கச் சொல்லு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலத்தில் கால் வைத்தேன். வரும்போது கோபத்தில் தெரியாத பள்ளம் இப்போது தெரிந்தது. கைப்பிடியைத் தேடினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் உதறவில்லை.

"கண்ணு கலங்கியிருக்குதே?" என்றான்.

"மேல காத்து ஜாஸ்தி. தூசி" என்றேன்.

அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியாது.